800 டாலர் கால் விற்றவர் ஜெயித்தாரா? ஷார்ட் ஸ்க்வீஸில் நேக்கட் ஆப்ஷன் விற்பது பற்றி ஒரு விவாதம்

கொங்கு வணிகன்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக நிஃப்டியில் வாராவாரம் ஸ்ட்ராங்கிள், அதாவது குறித்த விலையில் வாங்கும் உரிமையான கால், விற்கும் உரிமையான புட் இரண்டையும் சேர்த்து, விற்று வருகிறேன். பெரிய அடி எதுவும் இதுவரை விழவில்லை. சில நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். தவறாக யோசிக்கிறேன் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

2021 ஜனவரியில் அமெரிக்காவில் கேம்ஸ்டாப் பங்கு ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஷார்ட் ஸ்க்வீஸ் (பங்கைக் கடன் வாங்கி விற்ற ஷார்ட் ஆட்கள் பதறித் திரும்ப வாங்குவதால் வரும் ஏற்றம்) என்று பேசப்பட்டது அதுதான். ஜனவரி 12 அன்று 19.95 டாலரில் முடிந்த பங்கு, ஜனவரி 27 அன்று 347.51 டாலரில் முடிந்தது. மறுநாள் நடுவே 483 டாலரைத் தொட்டது. (2022இல் பங்கு நான்காகப் பிரிக்கப்பட்டதற்கு முந்தைய விலைகளைத்தான் சொல்கிறேன்.) அந்த நாட்களில் 800 டாலர் ஸ்ட்ரைக் (ஆப்ஷனில் குறித்த விலை) வரை கால் ஆப்ஷன்கள் பட்டியலில் இருந்தன. பங்கு 800 பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிப்ரவரி 5 அன்று 63.77 டாலரில் முடிந்தது. அப்படியானால் அந்த வாரத்து 800 காலை விற்ற ஒவ்வொருவரும் முழுப் பிரீமியத்தையும் (ஆப்ஷன் விற்றதற்கு வாங்கிய விலை) எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் அல்லவா?

எல்லோரும் பதறி வாங்கும் நேரத்தில்தான் பிரீமியம் கொழுத்துக் கிடக்கிறது. மிகத் தொலைவில் உள்ள ஸ்ட்ரைக்கை விற்றுவிட்டுப் பொறுமையாக இருந்தால் போதாதா? அடுத்த முறை இப்படி ஒன்று நடந்தால் இறங்கலாமா என்று யோசிக்கிறேன்.

கணக்கர் 72:

நண்பரே, உங்கள் கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் தவறு: "பொறுமையாக". பொறுமையாக இருக்கலாமா வேண்டாமா என்பது விற்றவர் கையில் இல்லை. அதைப் புரோக்கரின் கணினிதான் முடிவு செய்கிறது. நீங்கள் எடுத்த அதே 800 காலையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் ஆப்ஷன் விலைகள் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் நான் போட்டுப் பார்த்தவை. அன்றைய சந்தை விலைகள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜனவரி 27 மாலை, பங்கு 347.51. பிப்ரவரி 5 எக்ஸ்பைரிக்கு (ஆப்ஷன் முடியும் நாள்) ஒன்பது நாள் இருக்கிறது. ஐவி (பங்கில் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம்) 300 விழுக்காடு என்று வையுங்கள். 800 காலின் விலை சுமார் 3.70 டாலர் வரும். பத்து காண்ட்ராக்ட் விற்றால், ஒரு காண்ட்ராக்டுக்கு நூறு பங்கு என்ற கணக்கில், 3,700 டாலர் கையில் வரும். அமெரிக்க விதிப்படி, இவ்வளவு தொலைவில் உள்ள நேக்கட் காலுக்கு (கையில் பங்கோ வேறு பாதுகாப்போ இல்லாமல் விற்ற கால்) குறைந்தபட்ச மார்ஜின், அதாவது புரோக்கரிடம் வைக்க வேண்டிய பிணைத்தொகை, என்பது பங்கு விலையில் பத்து விழுக்காடும் ஆப்ஷனின் நடப்பு விலையும் சேர்ந்தது. அதாவது 38,450 டாலர். உங்கள் கணக்கில் 50,000 டாலர் இருக்கிறது என்று கொள்வோம். இதுவரை வசதியாகத்தான் தெரிகிறது.

இப்போது பங்கு ஒரு சென்ட்கூட நகராமல் ஐவி மட்டும் 500க்குப் போகட்டும். அதே கால் 29 டாலர் ஆகிவிடும். பங்கு அசையாமலேயே 25,300 டாலர் நட்டம்; தேவைப்படும் மார்ஜின் சுமார் 64,000. மறுநாள் காலை பங்கு 483 ஆகட்டும், அது உண்மையிலேயே நடந்தது. ஐவி அதே 500இல் நிற்கட்டும். கால் 65 டாலர். நட்டம் 61,300 டாலர், மார்ஜின் தேவை 1,13,300 டாலர். 3,700 டாலர் வாங்கியவரின் கணக்கு முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டு, அதற்கு மேல் அவர் கடன்காரராகவும் ஆகியிருப்பார். எட்டு நாள் கழித்து அந்தக் கால் பூஜ்யத்துக்கு வந்தது என்பது முழு உண்மை. ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்க அவருக்குக் கணக்கு இருந்திருக்காது.

ஆகவே உங்கள் தலைப்புக் கேள்விக்கு என் பதில்: பங்கு 800ஐத் தொடாது என்ற கணிப்பு ஜெயித்தது, ஆனால் காலை விற்றவர் ஜெயித்தார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கொங்கு வணிகன்:

ஐயா, கணக்கு கண்ணைத் திறக்கிறது. ஆனாலும் ஒரு மறுப்பு. பத்து காண்ட்ராக்டுக்குப் பதில் இரண்டு மட்டும் விற்று, கணக்கில் தாராளமாகப் பணம் வைத்திருந்தால் இந்த மார்ஜின் நெருக்கடியே வராதே?

கணக்கர் 72:

வரும் வாய்ப்பு குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "தாராளம்" என்பதன் அளவுகோல் நடுவழியில் மாறிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேலே நான் சொன்ன பத்து விழுக்காடு சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கப் புரோக்கருக்கு உரிமை உண்டு, முன்னறிவிப்பு தேவையில்லை. அந்த ஜனவரி கடைசி வாரத்தில் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் நிறுவனம் கேம்ஸ்டாப் உள்ளிட்ட சில பங்குகளின் ஆப்ஷன்களில் புதிதாக எடுப்பதை நிறுத்தி, இருப்பதை மூட மட்டுமே அனுமதித்தது. ஷார்ட் பங்குகளுக்கு 300 விழுக்காடு மார்ஜின் என்று அறிவித்தது.

இன்னொரு புறம், ராபின்ஹுட் என்ற புரோக்கர் நிறுவனத்திடமே ஜனவரி 28 அதிகாலை கிளியரிங் அமைப்பு (வர்த்தகங்களைத் தீர்த்துவைப்பது) சுமார் 300 கோடி டாலர் பிணையாகக் கேட்டது. பிறகு அது சுமார் 140 கோடியாகக் குறைக்கப்பட்டது. அன்று அந்த நிறுவனம் கேம்ஸ்டாப்பில் புதிதாக வாங்குவதையே நிறுத்தியது. புரோக்கருக்கே மார்ஜின் கால் (கூடுதல் பிணை கேட்கும் அழைப்பு) வரும் ஒரு நாளில், இரண்டு காண்ட்ராக்ட் விற்ற உங்களுக்கு அவர் கருணை காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நெவார்க் வாசி:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்களைப் பற்றிக் கணக்கர் ஐயா சொல்லிவிட்டார். அந்த எண்களுக்குள் இருந்தது எப்படி என்பதை நான் சொல்கிறேன்.

நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். ஜனவரி 25, திங்கட்கிழமை. அன்று கேம்ஸ்டாப் 159 டாலர் வரை போய்விட்டு 76.79க்கு இறங்கி முடிந்தது. வேகம் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அப்போது பட்டியலில் இருந்த உச்ச ஸ்ட்ரைக் 115. அந்த வெள்ளிக்கிழமை எக்ஸ்பைரியில் 115 கால் இரண்டு காண்ட்ராக்ட், பங்குக்கு 9 டாலருக்கு விற்றேன். 1,800 டாலர். காருக்கு இரண்டு மாதத் தவணை என்று மனக்கணக்கு.

செவ்வாய்க்கிழமை பங்கு 147.98இல் முடிந்தது. என் கால் 45 டாலருக்கு மேல் போயிருந்தது. மூன்று மணிக்கே மூடியிருக்க வேண்டும். ஏழாயிரம் டாலர் நட்டத்தை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. நாளை இறங்கும் என்று விட்டுவிட்டேன். நான்கு மணிக்குச் சந்தை மூடிய சில நிமிடங்களில் ஈலோன் மஸ்க் "கேம்ஸ்டாங்க்" என்று ஒற்றைச் சொல்லை டுவிட்டரில் போட்டார். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. நான் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றேன். பங்கின் விலை மட்டும் 160, 180, 200 என்று ஓடிக்கொண்டே இருந்தது. என் காலின் விலையோ நான்கு மணிக்கு நின்ற இடத்திலேயே நின்றது, கொஞ்சமும் அசையவில்லை. ஏனென்றால் பங்கு மாலையிலும் வர்த்தகமாகும், பங்கு ஆப்ஷன் நான்கு மணிக்கு மேல் வர்த்தகமாகாது. நட்டம் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது. நான் போட்டிருந்த ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றிரவு வெறும் எழுத்தாக இருந்தது.

மறுநாள் பங்கு திறந்த விலை 354.83. 147.98க்கும் 354.83க்கும் நடுவில் நான் வெளியேறுவதற்கு ஒரு விலைகூட இருக்கவில்லை. ஒன்பதரை மணி தாண்டியதும் புரோக்கரின் தானியங்கி முறை என் இரண்டு காண்ட்ராக்டையும் 248 டாலரில் வாங்கி மூடியது. பங்குக்கு 239 டாலர், இருநூறு பங்கு, 47,800 டாலர். வாங்க வருபவர் சொல்லும் விலை ஒரு பக்கமும் விற்பவர் கேட்கும் விலை மறுபக்கமும் பல டாலர் அகன்று கிடந்தன. தானியங்கி முறை பேரம் பேசாது, கேட்ட விலையைக் கொடுத்துவிடும்.

இதை நான் அனுதாபத்துக்காக எழுதவில்லை. 115 ஸ்ட்ரைக் உச்சம் என்பதால் எனக்கு மேலே பாதுகாப்புக்கு வாங்கிப்போட 150 காலோ 200 காலோ திங்கட்கிழமை கிடைக்கவே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை, அதற்காகத்தான் எழுதினேன்.

வைகைக்கரை:

நெவார்க் அண்ணா சொன்ன கடைசி விஷயத்தை நான் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜனவரி 22, இதே நிலைமை இன்னும் அப்பட்டமாக இருந்தது. அன்று பட்டியலில் இருந்த உச்ச ஸ்ட்ரைக் 60. பங்கு முடிந்தது 65.01. அதாவது சந்தையில் இருந்த ஒவ்வொரு காலும் பண மதிப்போடு முடிந்தது. 60 காலைத் "தொலைவில் இருக்கிறது" என்று நினைத்து விற்றவருக்கு அதற்கு மேல் வாங்கிப்போட ஒரு ஸ்ட்ரைக் இல்லை. நாம் பாடத்தில் படிக்கும் "ரிஸ்க் கூடினால் மேல் ஸ்ட்ரைக்கை வாங்கி ஸ்ப்ரெட் ஆக்கிவிடு" என்ற யோசனை, அந்த மேல் ஸ்ட்ரைக் பட்டியலில் இருந்தால்தான் நடக்கும். எக்ஸ்சேஞ்ச் புதிய ஸ்ட்ரைக்கை விலை ஏறிய பிறகுதான் சேர்க்கும், அதற்குள் அதன் விலையும் ஏறியிருக்கும்.

ஜனவரி 20 அன்று பங்கு 39.12இல் இருந்தபோது, 29ஆம் தேதி எக்ஸ்பைரி 60 காலை ஒருவர் ஒன்றரை டாலருக்கு விற்றதாக வைத்துக்கொண்டால், ஒரு காண்ட்ராக்டுக்கு வரவு 150 டாலர். 29ஆம் தேதி பங்கு முடிந்தது 325. செலவு 26,500 டாலர்.

சந்தை மாணவன்:

எல்லோரும் சொல்வது சரி, ஆனால் காரணத்தை யாரும் சொல்லவில்லையே. இது காமா ஸ்க்வீஸ்தானே? சில்லறை முதலீட்டாளர்கள் கால் வாங்க, அதை விற்ற மார்க்கெட் மேக்கர்கள் (எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை சொல்லும் நிறுவனங்கள்) தங்கள் அபாயத்தை ஈடுகட்டப் பங்கை வாங்க, பங்கு மேலும் ஏற, மேலும் வாங்க என்ற சுழல்.

கணக்கர் 72:

இணையத்தில் இந்த விளக்கம் வேதவாக்காகிவிட்டது. ஆனால் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலர்கள் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, கேம்ஸ்டாப்பில் காமா ஸ்க்வீஸ் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே சொல்கிறது. ஷார்ட் அடித்தவர்கள் பதறி வாங்கியதும் மொத்த வாங்கலில் சிறு பங்குதான், ஏற்றத்தைத் தாங்கிப் பிடித்தது பொதுவான வாங்கும் ஆர்வம் என்பது அவர்கள் முடிவு. அதை முழுவதும் ஏற்காதவர்களும் உண்டு. நானும் அந்த மனநிலையில்தான் இருக்கிறேன்.

ஆனால் விற்பவருக்கு இந்த விவாதத்தால் ஒரு பயனும் இல்லை. அவர் கேட்க வேண்டியது வேறு: வாங்கியே தீர வேண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு விற்கக்கூடிய பங்கு எவ்வளவு? கேம்ஸ்டாப்பில் ஷார்ட் அளவு, சந்தையில் புழங்கும் மொத்தப் பங்குகளைவிட அதிகமாக இருந்தது. 2008 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகனில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. போர்ஷே நிறுவனம் தன்னிடம் 42.6 விழுக்காடு பங்கும், மேலும் 31.5 விழுக்காட்டுக்கு ஆப்ஷனும் இருப்பதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம் சுமார் 20 விழுக்காடு இருந்தது. மிச்சம் கூட்டிப் பாருங்கள். இரண்டே நாளில் பங்கு 1,000 யூரோவைத் தாண்டியது. அங்கே விலை நிறுவனத்தின் மதிப்பைச் சொல்லவில்லை. வெளியேறும் வாசலின் அகலத்தைச் சொன்னது. நம் ஆப்ஷன் சூத்திரங்கள் எதிலும் வாசலின் அகலத்துக்கு ஒரு எழுத்து கிடையாது.

பண்டகசாலை:

நான் கமாடிட்டி ஆள். கணக்கர் ஐயா 800 காலுக்குச் சொன்னதை எரிவாயுவில் ஒரு நிறுவனமே வாழ்ந்து காட்டியிருக்கிறது. ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ஆப்ஷன்செல்லர்ஸ் என்ற நிறுவனம், வாடிக்கையாளர் பணத்தில் எரிவாயு காலை நேக்கட் ஆக விற்று வந்தது. 2018 நவம்பர் 14 அன்று, குளிர் கூடும் என்ற முன்னறிவிப்பும் குறைந்த இருப்பும் சேர்ந்து, நியூயார்க் எரிவாயு ஃப்யூச்சர் (பின்தேதி ஒப்பந்தம்) ஒரே நாளில் சுமார் 18 விழுக்காடு ஏறி 4.837 டாலரில் முடிந்தது. சுமார் 290 வாடிக்கையாளர்களின் கணக்குகள் அழிந்தன. போட்ட பணம் போனதோடு, கணக்கு எதிர்மறையில் போனதால் மேலும் கட்டச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் வந்தது. நிறுவனத்தை நடத்தியவர் காணொளியில் தோன்றி, எதிர்பாராத ராட்சத அலை ஒன்று தன் கப்பலைக் கவிழ்த்துவிட்டது என்ற பொருளில் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது அடுத்த நாள். நவம்பர் 15 அன்று அதே எரிவாயு சுமார் 4.04 டாலருக்குச் சரிந்தது. ஆண்டு முடிவில் 3 டாலருக்கும் கீழே. எரிவாயு விலை நிலைக்காது என்ற அவர் கணிப்பு சரிதான்! ஒரு நாள் முந்திச் சரியாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அலை எதிர்பாராதது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எரிவாயுவில் இது அடிக்கடி வரும் அலை. 2022 ஜனவரி 27 அன்று பிப்ரவரி காண்ட்ராக்ட் எக்ஸ்பைரி நாளில், கடைசி அரை மணி நேரத்தில் ஷார்ட் ஆட்கள் மாட்டிக்கொண்டு, நாளின் நடுவே 70 விழுக்காட்டுக்கு மேல் ஏறி, கடைசியில் 46 விழுக்காடு ஏற்றத்தோடு 6.265 டாலரில் தீர்ந்தது.

வைகைக்கரை:

கால் விற்பது ஆபத்து, சரி. புட் விற்கலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஸ்க்வீஸ் நேரத்தில் புட் பிரீமியமும் அதே அளவு கொழுத்திருக்கும். ஜனவரி 29 அன்று 325இல் முடிந்த கேம்ஸ்டாப், பிப்ரவரி 2 அன்று 90. பிப்ரவரி 4 அன்று 53.50. பாதியைவிடக் கீழே இருக்கிறது என்று 150 புட்டை விற்றவருக்கு நான்கே வர்த்தக நாளில் பங்குக்கு 96.50 டாலர் பள்ளம். எல்லாம் முடிந்தது என்று பிப்ரவரி பின்பாதியில் மறுபடி கால் விற்றவர்களுக்கு, 24ஆம் தேதி 44.97இலிருந்து 91.71.

கொங்கு வணிகன்:

நெவார்க் அண்ணாவுக்கு முதலில் நன்றி. அதை எழுத மனம் வேண்டும். அமெரிக்கச் சந்தையில் நான் இறங்குவது இல்லை என்று முடிவாகிவிட்டது. இருந்தாலும் என் மனத்தில் ஒரு வாதம் இன்னும் அடங்கவில்லை. காப்பீட்டு நிறுவனங்களும் இதைத்தானே செய்கின்றன? சிறு பிரீமியம் வாங்கிக்கொண்டு பெரிய அபாயத்தை ஏற்கின்றன. அவை நன்றாகத்தானே நடக்கின்றன?

கணக்கர் 72:

காப்பீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் ஒரு தொகை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் நிறுவனம் ஒரு ரூபாய் தராது. நேக்கட் காலில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அந்தத் தொகையிலும் ஒரு பகுதியை நிறுவனம் மறுகாப்பீடு செய்துவிடும். அதோடு, தெருவில் தீப்பிடித்து எரியும்போது அந்தத் தெரு வீடுகளுக்குப் புதிதாகப் பத்திரம் எழுத எந்த நிறுவனமும் முன்வராது. பிரீமியம் பத்து மடங்கு தருகிறேன் என்றாலும் வராது. ஸ்க்வீஸில் புதிதாக விற்பது அந்தப் பத்திரத்தை எழுதுவதுதான்.

அமெரிக்காவில் இறங்குவதில்லை என்று நீங்கள் முடிவெடுத்தது சட்டப்படியும் நல்லது. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்), வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கோ புரோக்கருக்கோ மார்ஜினுக்காகவோ மார்ஜின் காலுக்காகவோ பணம் அனுப்பக் கூடாது. நெருக்கடி வந்தால் உங்களால் இங்கிருந்து பணம் கட்டிக் காப்பாற்றவும் முடியாது.

இப்போது உங்கள் நிஃப்டி ஸ்ட்ராங்கிளுக்கு வருகிறேன். குறியீட்டில் ஷார்ட் ஸ்க்வீஸ் பங்கில் வருவதுபோல் வராது; ஆனால் இடைவெளி வரும். 2024 ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பை நம்பி 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறிய நிஃப்டி, மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் 5.93 விழுக்காடு விழுந்தது. இரு பக்கமும் விற்றிருந்தவர்களுக்கு இரண்டு நாளில் இரு பக்கமும் அடி. உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த வாரம் நீங்கள் என்ன வைத்திருந்தீர்கள்?

கொங்கு வணிகன்:

உண்மையைச் சொல்கிறேன், ஐயா. அந்த வாரம் தங்கை மகள் திருமணம். மண்டப வேலையில் இருந்ததால் எதுவும் எடுக்கவில்லை. "பெரிய அடி விழவில்லை" என்று முதல் பதிவில் எழுதியபோது இது என் நினைவுக்கே வரவில்லை.

நேற்று மாலை உட்கார்ந்து கடந்த ஆறு மாத விற்பனையை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கத்தில் ஒரு ஸ்ட்ரைக் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். வந்த பிரீமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்கே போயிருக்கும். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதிகபட்ச நட்டம் என்ற கட்டத்தில் முதன்முறையாக ஒரு எண்ணை எழுத முடிந்தது. இந்த வாரம் இரு பக்கமும் வாங்கியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். இதே முறையைப் பங்கு ஆப்ஷனில் செய்தால், விற்ற கால் மட்டும் பண மதிப்போடு முடிந்து, வாங்கிய கால் மதிப்பில்லாமல் முடிந்தால் என்ன ஆகும்?

பண்டகசாலை:

நம்மிடம் பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் பங்காகவே தீர்க்கப்படுகின்றன. பங்கு இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் முடிந்தால், விற்ற காலுக்கு ஒரு லாட் பங்கை நீங்கள் தந்தாக வேண்டும்; வாங்கிய கால் உதவாது. கையில் பங்கு இல்லையென்றால் ஏலத்தில் வாங்கிக் கொடுப்பார்கள். விலை உங்கள் கையில் இல்லை, அபராதமும் உண்டு. இரண்டுமே பண மதிப்போடு முடிந்தால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். ஆகவே எக்ஸ்பைரி வாரத்தில் பங்கு விலை நடுவில் ஊசலாடினால், எக்ஸ்பைரி நாள் வரை காத்திருக்காமல் முந்தைய நாளே இரண்டு கால்களையும் சேர்த்து மூடிவிடுங்கள். விற்றதை முதலில், வாங்கியதைப் பிறகு. வரிசையை மாற்றினால் நடுவில் சில நொடிகள் நேக்கட் ஆக நிற்பீர்கள், முழு மார்ஜினும் கேட்கும்.